காற்று வராத ஏசியில் காஞ்சிபுரம்: மகளை அழைத்துவரப் போன கதை

முதலில் என் மானம் போகிற விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். போன தீபாவளியிலிருந்தே என் பிக்கப் வண்டியில் ஏசி சரியில்லை. அது ஊருக்குத் தெரியக்கூடாது என்று, காவேரிப்பட்டணம் மாங்காய் மண்டிக்குள் நுழைவதற்கு ஒரு பர்லாங் முன்னாலேயே இரண்டு கண்ணாடியையும் ஏற்றிவிடுவேன். உள்ளே வெந்துகொண்டே போய், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்பப்பா, என்னா குளிரு" என்று கையைத் தேய்த்தபடி இறங்குவேன். மற்ற வண்டிக்காரர்களுக்கு வயிறு எரியும். அவர்கள் வயிறு எரிவதைப் பார்த்தால் எனக்குக் குளிர்ந்துவிடும். இப்படியே ஆறேழு மாதம் ஓட்டியாயிற்று.

காஞ்சிபுரம் பயணம் வந்தபோதுதான் வேஷம் கலைந்தது.

என் ஒரே மகள் வாணியைக் காஞ்சிபுரத்தில் செவிலிமேட்டில் கட்டிக்கொடுத்திருக்கிறேன். அவளுக்கு ஏழாம் மாதம். ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. வளையல் போட்டு முடித்ததும் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துவந்துவிட வேண்டும். பிள்ளை பெற்று, அது தலை நின்றபிறகுதான் திருப்பி அனுப்புவது. எங்கள் பக்கம் வழக்கம் அது. ஆக ஆறேழு மாதம் வீட்டில் ஆள் இருக்கும். அவள் அம்மா போய் நாலு வருஷம் ஆகிறது. மகளும் கல்யாணமாகிப் போனபிறகு வீட்டில் நானும் டிவியும்தான். அதில் டிவிதான் அதிகம் பேசும்.

அதனால் இந்தப் பயணத்துக்கு நான் செய்த ஏற்பாடு கொஞ்சநஞ்சமில்லை. அவள் அறைக்கு வெளிர்பச்சையில் பெயிண்ட் அடித்தேன். கட்டில் வாங்கினேன். குத்தவைத்து உட்கார முடியாதே என்று உட்காரும் கக்கூஸ் வைத்தேன். பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேட்டு, பிள்ளை பெற்றவளுக்கு வைக்கிற பூண்டுக் குழம்பைப் பழகினேன். மூன்று தடவை வைத்துப் பார்த்ததில் மூன்றாவது தடவை வைத்ததைத் தெருநாய் சாப்பிட்டது. அதுவே பெரிய முன்னேற்றம்.

வாடகைக் கார் பேசலாமே என்று கேட்பீர்கள். பேசலாம்தான். ஆனால் இந்த வண்டியை நான் வாங்கியதே அவள் கல்யாணத்துக்கு மாதம் இரண்டு இருக்கும்போது. பொண்ணு மாப்பிள்ளை இதில்தான் காஞ்சிபுரம் போனார்கள். ஏசி வைத்த பிக்கப் எதற்கு, மாங்காய்க்கா குளிரப்போகிறது என்று மண்டியில் கேலி செய்தபோது, என் பொண்ணுக்குக் குளிரட்டும் என்றேன். போன வண்டியிலேயே திரும்ப வரட்டும் என்று ஓர் ஆசை. அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை ஐந்து மணிக்குக் கிளம்பினேன். பின்னால் இரண்டு கிரேட் செந்தூரா மாம்பழம், சம்பந்தி வீட்டுக்கு. முன்னால் பக்கத்து சீட்டில் அவளுக்காக வாங்கிய கழுத்துத் தலையணை, கால் வைத்துக்கொள்ள ஒரு சின்ன முக்காலி. காவேரிப்பட்டணத்திலிருந்து செவிலிமேடு ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர். கிருஷ்ணகிரி, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், வாலாஜா, அப்புறம் ஓச்சேரி, தாமல் என்று நேர் ரோடு. வழியில் மூன்று சுங்கச்சாவடி. டீசல் போக மட்டும் ஆயிரத்து அறுநூறு ஆனது. லோடு இருந்தால் கூடும்.

பேச்சுத் துணைக்கு போனில் வழி சொல்கிற பெண்ணைப் போட்டிருந்தேன். எனக்கு வழி தெரியும், ஆனாலும் ஒரு குரல் இருக்கட்டுமே. வாணியம்பாடி தாண்டியதும் அவள், இன்னும் எழுபது சொச்சம் கிலோமீட்டர் நேராகப் போ என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள். பிறகு வெகுநேரம் சத்தமில்லை. நானே வேண்டுமென்று ஒரு பெட்ரோல் பங்குக்குள் திரும்பினேன். உடனே பதறிப்போய் யூ டர்ன் போடச் சொன்னாள். ஒருத்தருக்காவது நம்மைப் பற்றிக் கவலை இருக்கிறதே என்று திருப்தியோடு மறுபடி ரோட்டில் ஏறினேன்.

வேலூர் வரை கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டலாம். எட்டரைக்கு மேல் முடியாது. கத்திரி வெயில் காலம். ஏசியைப் போட்டேன். எங்கோ குளிர் இருக்கிறது என்று தெரிகிறது, ஆனால் முகத்துக்கு வரவில்லை. விளக்கை அணைக்க ஊதுகிற அளவுக்குக்கூட காற்றில்லை. நாலாம் நம்பரில் வைத்தால் சத்தம் மட்டும் நாலு மடங்கு. தாமல் ஏரி பக்கத்தில் நிறுத்தி, சட்டையைக் கழற்றிப் பிழிந்து, திரும்பப் போட்டுக்கொண்டுதான் சம்பந்தி வீட்டுக்குப் போனேன். ஏரியிலும் தண்ணீர் இல்லை. என் சட்டையில் அதைவிட அதிகம் இருந்தது.

மருமகன் ஒரகடம் பக்கம் கம்பெனி வேலை. சனிக்கிழமையும் ஷிப்டுக்குப் போயிருந்தார். வீட்டில் வாணியும் சம்பந்தியம்மாவும். சம்பந்தியம்மா பட்டுச்சேலை முந்தானைக்குக் குஞ்சம் கட்டித் தருகிறவர். ஒரு சேலை நாற்காலி முதுகில் தொங்கியது. கை தன்பாட்டுக்கு நூலை முறுக்க, வாய் என்னை விசாரித்தது. என் மகள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்து நின்றாள். நீ என்ன பூசணிக்காயை முழுசாக முழுங்கிவிட்டாயா என்றேன். அவள் சிரித்தாள். ஆனால் முழுச் சிரிப்பு இல்லை. வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

காலை டிபன் சாப்பிட்டதும் சம்பந்தியம்மா வாசலுக்கு வந்து, வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, ஏசி காற்று வருகிற ஓட்டையில் கையை வைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் வைத்திருந்தார். டாக்டர் நாடி பார்ப்பதுபோல இருந்தது.

"இன்னா சம்பந்தி இது, காத்தே வர்லியே. வாயும் வயிறுமா இருக்கிற பொண்ண இந்த வண்டில எப்டி அவ்ளோ தூரம் அனுப்புறது?"

வாணி கதவைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். எனக்குச் சுருக்கென்றது. மண்டியில் போட்ட வேஷம் இங்கே பலிக்கவில்லை. நாளைக்குள் சரிசெய்து காட்டுகிறேன், பிறகு அனுப்புவீர்கள்தானே என்றேன். "சரியாச்சின்னா பாக்கலாம்" என்றார். இந்த அம்மாள்தான் என் பெண்ணை விடமாட்டேன் என்கிறார் என்று மனசுக்குள் கொஞ்சம் திட்டிக்கொண்டேதான் வண்டியை எடுத்தேன்.

வந்தவாசி ரோட்டில் ஏசி பார்க்கிற பட்டறை ஒன்று இருந்தது. பட்டறைக்காரர் ஒரு பாய், என் வயதுதான். எல்லாரையும் நைனா என்பார். கேஸ் போயிருக்கும் என்றார் முதலில். மீட்டரை மாட்டிப் பார்த்தார், கேஸ் இருந்தது. கம்ப்ரஸர் என்றார், அதுவும் ஓடியது. பைப்பைத் தொட்டுப் பார்த்தால் வேர்த்துக்கொண்டு சில்லென்று இருக்கிறது. குளிர் தயாராகிறது, உள்ளே வரத்தான் வழியில்லை. டேஷ்போர்டைப் பிரிக்கணும், சாயந்திரம் வா நைனா என்றார். பிரித்ததைத் திரும்பப் பூட்டத் தெரியும்தானே என்று கேட்டேன். போன தடவை ஒரு வண்டியில் நாலு ஸ்குரு மிச்சமாச்சு, அதை உன் வண்டிக்குப் போட்டுடறேன் என்றார். நமக்கு ஏற்ற ஆள்.

நடுவில் இருந்த நேரத்தில்தான் நான் ஊர் பார்த்தேன். ஆட்டோ பிடித்து வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போனேன். பன்னிரண்டு வாக்கில் நடை சாத்திவிட்டால் சாயங்காலம் நாலு மணிக்குத்தான் திறக்கிறார்கள். நான் போய்ச் சேரும்போது நல்லவேளையாகக் கொஞ்சம் நேரம் இருந்தது. கல் தரை கொதிக்கும். கால் சுடாமலிருக்க வெள்ளைச் சுண்ணாம்பு பூசிய பாதையிலேயே நடங்கள். வயசுக்கு மரியாதை பார்க்காமல் குதித்து ஓடியவர்களில் நானும் ஒருவன். உள்ளே தங்கப் பல்லி, வெள்ளிப் பல்லி. படியேறி வரிசையில் போய் மேலே இருக்கிறதைத் தொட வேண்டும். எனக்கு முன்னால் ஒரு குடும்பம், பின்னால் ஒரு குடும்பம். நடுவில் நான் தனியாக நிற்பதைப் பார்த்து, நீங்கள் எந்தக் குடும்பத்தோடு என்று வரிசை ஒழுங்கு பண்ணுகிறவர் கேட்டார். இரண்டிலும் இடம் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை என்றேன். அவர் சிரிக்கவில்லை. வெயில்.

வெளியே வந்தால் சேலைக் கடைக்கு அழைக்கிற ஆள்கள். ஆட்டோக்காரர் ஒரு கடை வாசலில் தானாகவே நிறுத்தினார். அவருக்கு அதில் கமிஷன், தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கடைப் பையன் ஓடிவந்து, "சார், மேடம் வர்லியா?" என்றான். அவங்க ஊர்ல இல்லப்பா என்றேன். "பரவால்ல சார், போட்டோ எடுத்து வாட்ஸப்ல அனுப்புங்க, அவங்களே கலர் சொல்லட்டும்" என்றான். நல்ல யோசனைதான். அந்த ஊருக்கு டவர் கிடைக்காது என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறிக்கொண்டேன்.

நான் திரும்பியபோது பாய் தரையில் ஒரு பேப்பரை விரித்து, வண்டியின் வயிற்றிலிருந்து எடுத்ததை எல்லாம் பரப்பி வைத்திருந்தார். காய்ந்த சாமந்தி இதழ். சீட்டுப் பஞ்சு. நான் தேடிக்கொண்டிருந்த மஞ்சள் துடைப்புத் துணி, நூல் நூலாக. அப்புறம் கொஞ்சம் அரிசி, மஞ்சள் தடவினது.

"எலி வூடு கட்டிக்கினு குடித்தனம் பண்ணியிருக்குது நைனா. அரிசி எங்கேர்ந்து வந்துது?"

எனக்குத் தெரிந்துவிட்டது. கல்யாணத்தன்று பொண்ணும் மாப்பிள்ளையும் ஏறியதும் எங்கள் சொந்தக்காரர்கள் அட்சதையை ஆள் மேல் போட்டது பாதி, வண்டி மேல் போட்டது பாதி. முன் கண்ணாடிக்குக் கீழே காற்று உள்ளே போகிற கிராதி இருக்கிறதே, அதன் வழியாக அரிசி இறங்கிவிட்டது. அதிலும் ஒரு கை நானே போட்டது. புது வண்டி ஆயிற்றே, அதற்கும் ஆசீர்வாதம் வேண்டாமா? அரிசியைத் தேடி எலி வந்து, அங்கேயே காற்றாடிக்குப் பக்கத்தில் வீடு கட்டி, வழியை அடைத்துவிட்டது. இந்த வண்டிக்கு அங்கே ஃபில்டர் எதுவும் கிடையாதாம். ஆசீர்வாதம் நேராக உள்ளே போய்விட்டது.

எலி எங்கே என்றேன். சத்தம் கேட்டு ஓடிப்போயிருக்கும், வீடு மட்டும்தான் இருந்தது என்றார். கூலிங் காயிலைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, எல்லாவற்றையும் பூட்டினார். ஸ்குரு மிச்சமாகவில்லை. ஆயிரத்து எண்ணூறு வாங்கினார். சாவியைத் திருப்பி நாலில் வைத்தேன். அறைந்தது பாருங்கள் காற்று. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

நேராக வீட்டுக்குப் போய் வாணியை ஏற்றிக்கொண்டேன். ஒரு ரவுண்டு வா, உன் மாமியாருக்குச் சாட்சி சொல் என்றேன். ஓரிக்கை பக்கம் பாலாற்றங்கரை வரை போனோம். தலையணையைக் கழுத்தில் மாட்டி, முக்காலியில் காலை வைத்து உட்காரச் சொன்னேன். அவள் பக்கத்துக் காற்றைத் திருப்பி நேராக அவள் மேல் விட்டேன். கையைக் கட்டிக்கொண்டாள்.

"ஏசி நல்லாயிடுச்சாப்பா?"

"நடுங்குற இல்ல? பின்ன என்ன கேள்வி."

ஆற்று மணலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "நல்லாவாதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். நெனச்சிக்கினா? ஒன்றரை வருஷத்தில் முழு காஞ்சிபுரத்துக்காரி ஆகிவிட்டாயே என்றேன். அவள் சிரிக்கவில்லை. அப்போதுதான் அவள் சொன்னது என் காதில் சரியாக விழுந்தது.

"நீ வேர்த்து ஊத்திக்கினு வந்ததப் பாத்துட்டு, அத்தய ஏசியச் சாக்கா சொல்லச் சொன்னதே நான்தாம்பா."

வண்டியை ஓரம்கட்டினேன். ஏசியை அணைக்கவில்லை. அதன் இரைச்சல் இருந்தது நல்லதாகப் போயிற்று.

"மாங்கா சீசன், நீ லோடுக்குப் போயிடுவ. ராத்திரில வலி எடுத்தா வீட்ல யாருப்பா இருக்காங்க?"

லோடுக்குப் போகமாட்டேன் என்றேன்.

"போகாட்டியும்... நீ ஆம்பளப்பா. உன்கிட்ட எல்லாத்தையும் எப்டிப்பா சொல்லுவேன்? அம்மா இருந்தா நான் இங்க ஒரு நாள் இருப்பேனா?"

அவள் மேல் விட்ட காற்றைக் கொஞ்சம் ஒதுக்கித் திருப்பினேன். கேலிதான் எனக்கு எப்போதும் கை கொடுக்கும், அதுவும் அன்றைக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. பிறகு சொன்னேன்:

"நல்லதாப் போச்சு பாப்பா. ரூமுக்கு இன்னும் பெயிண்டே அடிக்கல. நீ வந்து நின்னா என்ன பண்றதுன்னு நானே முழிச்சிக்கிட்டு இருந்தேன்."

"நெஜமாவா?"

"காலைலதான் தங்கப் பல்லியத் தொட்டுட்டு வந்திருக்கேன். பொய் சொல்லுவேனா?"

தங்கப் பல்லியில் ஒரு வசதி, அது சத்தம் போடாது. வீட்டுப் பல்லி நிஜத்துக்குத்தான் சத்தம் கொடுக்கும், அதுவாக இருந்தால் மாட்டியிருப்பேன். அவள் முகம் தெளிந்துவிட்டது. காலையில் வராத பாதிச் சிரிப்பு இப்போது வந்தது. போதும் என்று வண்டியைத் திருப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு நன்றாக நடந்தது. பெண்கள் வரிசையாக வந்து வளையல் போட்டார்கள். புளிசாதம், தயிர்சாதம், தேங்காய்சாதம் என்று சோற்றில் எத்தனை வகை உண்டோ அத்தனையும். ஆண்களுக்கு அங்கே வேலையில்லை. பந்தல் நிழலில் உட்கார்ந்து உள்ளே வளையல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மருமகன் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "மாமா, தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். நான் எதையும் எடுத்துக்கொள்ளவில்லையே மாப்பிள்ளை, வெறும் வண்டியோடுதானே போகிறேன் என்றேன். கேலியாகத்தான் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். சொல்லியிருக்க வேண்டாம்.

சம்பந்தியம்மாவைத் திட்டியதற்கு மனசுக்குள்ளேயே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, ஏசி ரிப்பேரில் பாதி உங்கள் கணக்கு என்று வாய்விட்டுச் சொன்னேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்று ஒரு முழுக் கோயில் இட்லி வாங்கி வைத்திருந்தார். மூங்கில் குடலையில் வேகவைத்தது, மிளகும் சுக்கும் மணக்க, முழங்கை நீளம். இலையில் சுற்றிக் கட்டிக் கொடுத்தார். பக்கத்து சீட்டில் கழுத்துத் தலையணைக்கு மேல் அதைச் சாய்த்து வைத்து, பெல்ட் போட்டுவிட்டேன். வாணி பார்த்துவிட்டு, "பத்திரமா கூட்டினு போப்பா" என்றாள்.

மூன்று மணி வெயிலில் கிளம்பினேன். வெளியே ரோடு தண்ணீர்போல மினுக்குகிறது, உள்ளே மார்கழி. நாலில் ஆரம்பித்து, வாலாஜாவில் இரண்டுக்குக் குறைத்தேன். ஆம்பூரில் ஒன்று. அப்போதும் குளிர். ஆளில்லாத பக்கத்துக் காற்றையாவது மூடியிருக்கலாம். மூடவில்லை. வழி சொல்கிற பெண்ணை இந்தத் தடவை போடவில்லை. அந்தப் பச்சை அறைக்கு ஒரு வாடகை ஆள் பிடிக்கலாமா என்று வாணியம்பாடி வரை யோசித்தேன். கிருஷ்ணகிரி வருவதற்குள் வேண்டாம் என்று முடிவு பண்ணினேன். பிள்ளை பிறந்தபின் ஒரு வாரமாவது வருகிறேன் என்றிருக்கிறாள். அதுவரை கட்டிலில் நான் படுத்துப் பழக்குகிறேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். கோயிலைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள், மத்தியானம் சாத்தியிருக்கும். சேலை வாங்குவதானால் ஆட்டோக்காரர் நிறுத்துகிற கடையைத் தாண்டி இரண்டு கடை நடங்கள். ஏசியில் காற்று குறைந்தால் எடுத்ததும் கேஸ் போடச் சம்மதிக்காதீர்கள். டேஷ்போர்டுக்குள் என்ன குடியிருக்கிறது என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். கல்யாண வண்டியாக ஓட்டியிருந்தால் கட்டாயம் பாருங்கள். முன் கண்ணாடிக்குக் கீழே இருக்கிற கிராதி மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டு, அப்புறம் ஆசீர்வாதம் வாங்குங்கள். கர்ப்பிணிப் பெண்ணை அழைக்கப் போவதானால், வண்டி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னால் அவளுக்கு வர இஷ்டமா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். டீசல் மிச்சம்.

வீட்டுக்கு வந்து சேர ஏழு மணி ஆனது. பெல்ட்டைக் கழற்றி இட்லியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சமையலறையில் பிரித்தேன். ஒரு பக்கத்து இலை கிழிந்து, கால்வாசி இட்லி இல்லை. ஓரமெல்லாம் சின்னச் சின்னப் பல் தடம். வழியில் நான் எதுவும் சாப்பிடவில்லை.